மினுங்குனா பாலிஷ் முடிஞ்சிருச்சா? சாஃப்ட் கிரிஸ்டல் ரெசொனேட்டர் பத்தி வாசகர் கேள்வி பதில்

சாஃப்ட்டான கிரிஸ்டல்ல ஒளி ரெசொனேட்டர், அதாவது ஒளிய உள்ளயே சுத்த விடற சின்ன தட்டு, பண்றத பத்தி போன இதழ்ல ரெண்டு பத்திதான் எழுதுனேன், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் இடம் இல்ல. பாலிஷ் பத்தித்தான் நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதுக்கு நீளமாவே பதில் சொல்லியிருக்கேன், மத்தத கொஞ்சம் வேகமா முடிச்சிடறேன்.

அக்கா, கண்ணாடி ஃபைபர் நுனிய உருக்கினாலே உருண்டை ஆயிடுது, மேற்பரப்பும் வழவழன்னு வந்துடுது. அப்புறம் எதுக்கு கிரிஸ்டல வெட்டி, தேய்ச்சு, கஷ்டப்படணும்? – இயற்பியல் முதலாண்டு மாணவி

நல்ல கேள்விம்மா. மத்த வாசகர்களுக்காக முதல்ல கதைய ஒரு தடவை சொல்லிடறேன். லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துல குவிமாடத்துக்குள்ள வட்டமா ஒரு நடைபாதை இருக்கு, அங்க சுவத்துப் பக்கம் வாய வச்சு முணுமுணுத்தா எதிர்ப்பக்கம் இருக்கிற ஆளுக்கு கேக்கும். சத்தம் வளைஞ்ச சுவத்த ஒட்டியே ஓடுதுன்னு 1910-ல ரேலீ கணக்குப் போட்டு விளக்கினாரு, 1921-ல நம்ம சி.வி. ராமன் சதர்லாண்டோட சேர்ந்து அங்கயே போய் சோதிச்சும் பாத்தாரு. அதே வேலைய ஒளிய வச்சு ஒரு சின்ன தட்டோட விளிம்புல பண்றதுதான் இந்த ரெசொனேட்டர். ஒளி உள்பக்கமா முழு எதிரொளிப்புல சுத்திக்கிட்டே இருக்கும், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்குதுன்றத க்யூன்னு ஒரு நம்பரா சொல்றாங்க. 1550 நானோமீட்டர் ஒளிக்கு க்யூ 100 கோடின்னா, ஒளி கிட்டத்தட்ட 0.8 மைக்ரோ செகண்ட் உள்ள இருக்கும், அதுக்குள்ள 170 மீட்டருக்கு மேல ஓடிடும், தட்டு 5 மில்லிமீட்டர் விட்டம்னு வச்சுக்கிட்டா சுமார் 11,000 சுத்து.

இப்ப உன் கேள்வி. உருக்குன சிலிக்கா உருண்டை உண்மையிலேயே அருமையான சாமான்தான், 1996-லயே 633 நானோமீட்டர்ல 800 கோடி க்யூ வரைக்கும் பாத்திருக்காங்க. ஆனா காத்துல இருக்கிற ஈரம் மேல படிஞ்ச உடனே, சில நிமிஷத்துலயே க்யூ இறங்க ஆரம்பிச்சிடும். அதோட கண்ணாடிக்குள்ள அணுக்கள் ஒழுங்கு இல்லாம கிடக்கறதால ஒளி சிதறுறத ஒரு அளவுக்கு மேல குறைக்க முடியாது, அகச்சிவப்புல கொஞ்சம் தூரம் போனா ஒளிய அதுவே குடிச்சிடும். கால்சியம் ஃப்ளோரைடு புற ஊதாலேர்ந்து 9 மைக்ரான் வரைக்கும் ஒளிய விடும், பேரியம் ஃப்ளோரைடு இன்னும் கொஞ்சம் தாண்டியும் விடும். 2007-ல கால்சியம் ஃப்ளோரைடு தட்டுல 30,000 கோடி க்யூ அளந்தாங்க, அதாவது உள்ள போன ஒளி சுமார் 50 கிலோமீட்டர் ஓடிட்டுதான் ஓயுது. பிபிஓ (பீட்டா பேரியம் போரேட்), கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) மாதிரி கிரிஸ்டல்ல இன்னொரு லாபம், ஒரு நிறத்துல உள்ள விட்டா வேற நிறத்துல வெளிய வர வைக்கலாம், சாதா கண்ணாடிகிட்ட அந்த வித்தை இவ்வளவு சுலபமா நடக்காது.

அப்ப கிரிஸ்டலயும் உருக்கிட்டா என்னன்னு கேப்ப. உருக்கினா அது கிரிஸ்டலா இருக்காதே. அதனாலதான் வெட்டு, தேய்.

சார், கால்சியம் ஃப்ளோரைடு தட்டு, 9 மைக்ரான் டைமண்ட்ல ஆரம்பிச்சு 3, 1, 0.25-ன்னு இறங்கி வந்தேன். கடைசில கண்ணாடி மாதிரி மினுங்குது, சாதா மைக்ராஸ்கோப்ல ஒரு கீறல் கூட இல்ல. ஆனா க்யூ 1 கோடிய தாண்ட மாட்டேங்குது. கிரிஸ்டல் மட்டமா? – ஒரு பிஎச்டி மாணவர்

தம்பி, நான் சார் இல்ல, அக்கா. பரவால்ல.

கிரிஸ்டல் மேல பழி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, பாலிஷ்னா மினுக்கறதுன்னுதான் எல்லாரும் நெனச்சுக்கறாங்க, ஆனா நீங்க செய்ற ஒவ்வொரு ஸ்டெப்போட வேலையும் முந்தின ஸ்டெப் கிரிஸ்டலுக்கு உள்ள பண்ணி வச்ச காயத்த எடுக்கறதுதான், மினுக்கம் சும்மா கூட வர்ற விஷயம். 9 மைக்ரான் கிரிட், அதாவது தேய்க்கற டைமண்ட் துகள், மேல 9 மைக்ரான் பள்ளம் மட்டும் போட்டுட்டு போறதில்ல, அதுக்குக் கீழ நுண்ணிய விரிசல், நசுங்கின அடுக்குன்னு இன்னும் ஆழமா இறங்கியிருக்கும், சாஃப்ட் கிரிஸ்டல்ல இது இன்னும் மோசம். நீங்க 3 மைக்ரானுக்கு போய் மேல தெரியற கீறல் மறைஞ்ச உடனே அடுத்ததுக்கு தாவிட்டீங்கன்னா, கீழ இருக்கிறது அப்படியே இருக்கு. நான் வச்சிருக்கிற கணக்கு, எந்த ஸ்டெப்லயும் முந்தின கிரிட் அளவ போல குறைஞ்சது மூணு மடங்கு ஆழம் எடுக்கணும். 9-க்கு அப்புறம் 3-ல வேலை பண்றப்ப 27 மைக்ரான் போகணும், அதாவது விட்டத்துல 54 மைக்ரான் குறையணும். நேரத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, மைக்ரோமீட்டர வச்சோ மைக்ராஸ்கோப்லயோ விட்டத்த அளந்து முடிவு பண்ணுங்க.

இதுல இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு. சாஃப்ட்டான பொருள தேய்க்கறப்ப மேல் அடுக்கு கொஞ்சம் இழுபட்டு கீறலுக்குள்ள போய் அப்பிக்கும். பள்ளத்துல மண்ண போட்டு மூடுன ரோடு மாதிரி, பாக்க சமமா இருக்கும், ஒரு மழை வந்தா தெரிஞ்சிடும். உங்க சாதா மைக்ராஸ்கோப்புக்கு அது தெரியாது, ஆனா விளிம்ப ஒட்டி ஆயிரக்கணக்கான தடவை சுத்துற ஒளிக்கு நல்லாவே தெரியும். இருட்டு அறையில விளிம்புக்கு பக்கவாட்டுல சாய்வா லைட் அடிச்சு, டார்க் ஃபீல்டுல, அதாவது சிதறுற ஒளி மட்டும் கண்ணுக்கு வர்ற மாதிரி, பாருங்க. கருப்பா இருக்க வேண்டிய இடத்துல வெள்ளையா நூல் நூலா, புள்ளி புள்ளியா மினுக்குனா அதான் உங்க 1 கோடிக்கு காரணம். நூல் மாதிரி தெரியறது புதைஞ்ச கீறல். புள்ளின்னா பெரும்பாலும் தூசி, இல்ல கிரிஸ்டல்லயே குத்தி உக்காந்துக்கிட்ட டைமண்ட் துகள், அழுத்தம் ஜாஸ்தி ஆனா சாஃப்ட் கிரிஸ்டல்ல இது சகஜம்.

மேற்பரப்பு கரடுமுரடா இருக்கறதால வீணாப் போற ஒளி, அந்தக் கரடோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். கரட பாதியாக்கினா அந்த இழப்பு நாலுல ஒண்ணா ஆகும். அதனால கடைசி ரெண்டு ஸ்டெப்ல காட்டுற பொறுமைக்கு பலன் ரொம்பவே ஜாஸ்தி, முதல் ஸ்டெப்புகள்ல அவசரப்பட்டா கடைசில எவ்வளவு பொறுமையா உக்காந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அழுத்தம் எவ்வளவுன்னு நீங்க கேக்கல, ஆனா கேட்டிருக்கணும். கால்சியம் ஃப்ளோரைடோட கடினம் மோஸ் அளவுல 4, அந்த அளவுகோல்ல 4-ங்கற இடத்துக்கு வச்சிருக்கிற கல்லே இதுதான். பேரியம் ஃப்ளோரைடு 3 வாக்குல. கேடிபி 2.5, நம்ம நகமும் ஏறக்குறைய அதே அளவுதான். தூசியில இருக்கிற மணல், அதாவது குவார்ட்ஸ், 7. இத கொஞ்சம் மனசுல வாங்கிக்கோங்க, மேசை மேல கிடந்த டிஷ்யூவ எடுத்து துடைச்சாலே கீறல் விழுந்துடும். ஸ்பிண்டில்ல (சுத்தற தண்டுல) தட்டு சுத்தறப்ப ஸ்லரி, அதாவது டைமண்ட் துகள் கலந்த திரவம், நனைச்ச துணிய விளிம்புல பட்டும் படாம வச்சா போதும், துணிதான் வேலை செய்யணும், விரல் இல்ல. துணி அழுத்தத்துல வளைஞ்சு தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னா நீங்க ரொம்ப அழுத்தறீங்க.

அப்புறம் சுத்தம். ஒவ்வொரு கிரிட்டுக்கும் தனி துணி, தனி டப்பா, தனி கிளவுஸ். 0.25 ஸ்டெப்புல ஒரே ஒரு 9 மைக்ரான் துகள் வந்து சேர்ந்தா முழு விளிம்பையும் ஒரே சுத்துல கீறிட்டு போயிடும், திரும்ப 3-லேர்ந்து. ஸ்பிண்டில் ஷாஃப்ட்டையும் தட்ட ஒட்டி வச்சிருக்கிற பித்தளை தண்டையும் ஒவ்வொரு ஸ்டெப் நடுவுலயும் கழுவுங்க, நிறைய பேர் தட்ட மட்டும் கழுவிட்டு தண்டை மறந்துடுவாங்க, பழைய துகள் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

விளிம்புல சில இடம் வழவழன்னும் சில இடம் பொரிஞ்ச மாதிரியும் வருது, அதுவும் சம இடைவெளியில. ஸ்பிண்டில் ஆட்டமா? – லேத் வேலை பண்றவர்

ஆட்டம்னா சுத்துக்கு ஒரு தடவைதான் வரும். சம இடைவெளியில மூணோ நாலோ ஆறோ இடத்துல வருதுன்னா அது கிரிஸ்டலோட குணம். இந்த ஃப்ளோரைடுகள் சில தளங்கள்ல சுலபமா பிளந்துக்கும், கால்சியம் ஃப்ளோரைடுல அப்படி நாலு திசை இருக்கு. வட்டமா கடைஞ்சுக்கிட்டு வரப்ப உங்க டைமண்ட் டூல் ஒரு இடத்துல பிளவு தளத்துக்கு இசைவா போகும், கொஞ்சம் தள்ளி அதே தளத்த கிளப்பி விடும், அங்கதான் பொரியும். உலோகம் கடையறவங்களுக்கு இது புதுசா இருக்கும், ஏன்னா உலோகத்துல சின்னச் சின்ன கிரெயின் எல்லா திசையிலயும் கலந்து கிடக்கும், மொத்தத்துல ஒரே மாதிரிதான் வரும்.

வழி என்னன்னா வெட்டு ஆழத்த குறைக்கணும். சில நூறு நானோமீட்டருக்குள்ள எடுத்தா கிரிஸ்டல் பொரியாம, உலோகம் மாதிரி சுருளா வரும், இந்த எல்லை திசைக்கு திசை மாறும், அதனால மோசமான திசைக்கு எது பொருந்துதோ அதையே முழு வட்டத்துக்கும் வச்சுக்கோங்க. ஜப்பான்ல கெய்யோ பல்கலைக்கழக குழு 2020-ல இப்படி வெறும் கடைசல்லயே, பாலிஷே பண்ணாம, 10 கோடிக்கு மேல க்யூ காட்டிட்டாங்க. ஆனா அதுக்கு மெஷின் அந்த ரகமா இருக்கணும், ஏர் பேரிங் (காத்து மேல மிதந்து சுத்தற தண்டு) இல்லாத லேத்துல இந்த ஆசை வேணாம்ணே, கடைஞ்சு உருவத்த கொண்டு வாங்க, மிச்சத்த பாலிஷ்ல பாத்துக்கலாம்.

விளிம்ப கத்தி மாதிரி கூராவும் விடாதீங்க. கூரா இருந்தா உள்ள ஓடற மோடு, அதாவது ஒளி சுத்தற தனித்தனி வகை, எண்ணிக்கையில குறையும், சிக்னல் பாக்க சுத்தமா இருக்கும், உண்மைதான், ஆனா சாஃப்ட் கிரிஸ்டல்ல கூர் நுனி சிப் ஆகிடும். முதல்ல அகலமான வளைவுல நல்ல க்யூ வரட்டும், அப்புறம் குறைக்கலாம்.

கேடிபி, பிபிஓ இதெல்லாம் தண்ணிய பாத்தாலே கரையுது. ஸ்லரியே தண்ணில தானே இருக்கு? – ஆய்வக உதவியாளர்

ரெண்டையும் ஒண்ணா சேர்க்காதீங்க. பிபிஓ ஈரத்த மெல்ல மெல்லத்தான் இழுக்கும், கேடிபி தண்ணிலயே வளர்க்கிற கிரிஸ்டல், தண்ணி பட்டா அங்கயே போச்சு. ரெண்டுக்குமே எண்ணெய் அடிப்படையில வர்ற டைமண்ட் சஸ்பென்ஷன் வாங்குங்க. கழுவறதுக்கு ஈரம் இல்லாத சால்வென்ட், அதுவும் புதுசா திறந்த பாட்டில். ரொம்ப நாள் திறந்து வச்ச ஆல்கஹால் காத்துலேர்ந்து தண்ணி குடிச்சிருக்கும், அத ஊத்துனா பாலிஷ் பண்ண விளிம்பு மங்கிடும், அப்புறம் ஏன் மங்குச்சுன்னு ஸ்லரிய திட்டுவீங்க. வேகமா ஆவியாகற சால்வென்ட் தட்டை குளிர வைக்கும், குளிர்ந்த தட்டு மேல காத்து ஈரம் படியும், அதையும் கவனிங்க, லேசா உலர் நைட்ரஜன் ஊதிக்கிட்டே காய வைங்க.

கரையற குணத்தையே கேடிபில பாலிஷுக்கு பயன்படுத்தறாங்க, இது எனக்கு ரொம்ப பிடிச்ச வித்தை. எண்ணெய்க்குள்ள தண்ணிய நானோ அளவு துளியா கலந்துடுவாங்க. துளி மூடி இருக்கறதால பள்ளத்துல இருக்கிற கிரிஸ்டல தொடாது, பேட் அழுத்தற மேட்டுல மட்டும் துளி உடைஞ்சு அங்க கொஞ்சம் கரைக்கும். டைமண்டே வேணாம், கீறலும் இல்ல, துகள் குத்தறதும் இல்ல. பெரிய சமதள கேடிபிக்குத்தான் இத வளர்த்தாங்க. சின்ன வளைஞ்ச விளிம்புல பண்றவங்க சீரா அழுத்தறதுக்கு தனியா மெனக்கெடணும்.

ஓவன்ல சூடு பண்ணி க்யூவ கூட்டலாம்னு சொல்றாங்களே? – பெயர் வேண்டாம்

கால்சியம் ஃப்ளோரைடுக்கு ஆமா. மேல சொன்ன 30,000 கோடி ரெக்கார்டு பாலிஷ், அனீல் (சூடாக்கி மெதுவா ஆற வைக்கிறது), திரும்ப பாலிஷ், திரும்ப அனீல்னு மாத்தி மாத்தி பண்ணி வந்ததுதான். உள்ள இறுகி நிக்கற அழுத்தம் தளரும், குறைகள் கொஞ்சம் ஆறும். ஆனா ரெண்டு ஆபத்து. ஒண்ணு, இந்த கிரிஸ்டல் சூட்டுல ரொம்ப விரியும், சிலிக்காவ விட முப்பது மடங்குக்கு மேல, அதனால ஏத்தறதும் இறக்கறதும் ரொம்ப மெதுவா, இல்லன்னா படீர்னு பிளந்துடும். ஒட்டுற மெழுகு உருக்கறப்ப கூட ஹாட் பிளேட்ட ஆஃப் பண்ணிட்டு அப்படியே விட்டுடுங்க, எடுத்து குளிர்ந்த மேசைல வைக்காதீங்க. ரெண்டு, சூட்டுல ஈரம் இருந்தா மேற்பரப்பு ஃப்ளோரைடு ஆக்சைடா மாறி வெள்ளையா பூக்கும், அதனால வாக்குவம் இல்ல உலர்ந்த வாயு.

பிபிஓ-வ இப்படி பண்ண நெனச்சா 925 டிகிரில அதோட கிரிஸ்டல் அமைப்பே மாறிடும்ன்றத ஞாபகம் வச்சுக்கோங்க. கேடிபி-ய ஓவன் பக்கமே கொண்டு போகாதீங்க.

க்யூ 100 கோடின்னு எப்படி நம்பறது? லேசரோட அதிர்வெண்ண ஏத்தி இறக்கி ஸ்கேன் பண்ணா, சிக்னல்ல விழற குழி ஏத்தத்துல ஒரு அகலம், இறக்கத்துல வேற அகலம் வருது. – எம்எஸ்சி மாணவி

வரும். உள்ள ஒளி சேர்ந்தா தட்டு சூடாகும், சூடானா ரெசொனன்ஸ், அதாவது தட்டுக்குப் பொருந்தற அதிர்வெண், நகரும், ஒரு பக்கம் ஸ்கேன் பண்றப்ப அது லேசர் கூடவே ஓடும், மறு பக்கம் எதுக்க வரும். மெக்னீசியம் ஃப்ளோரைடுல விரிவும் ஒளிவிலகல் மாற்றமும் ஒரே பக்கம் இழுக்கும், அதனால ஒழுங்கான முக்கோணம் கிடைக்கும். கால்சியம் ஃப்ளோரைடு, பேரியம் ஃப்ளோரைடுல ரெண்டும் எதிரெதிர், ஒண்ணு உடனே வேலை செய்யும் இன்னொண்ணு மெதுவா, ஆடிக்கிட்டே இருக்கும், பாக்கறதுக்கு சிக்னல் கெட்டுப்போன மாதிரி இருக்கும். பவர மைக்ரோவாட்டுக்கு குறைங்க, ரெண்டு பக்கமும் ஒரே அகலம் வர்ற வரைக்கும் குறைச்சுக்கிட்டே போங்க.

100 கோடி க்யூன்னா 1550 நானோமீட்டர்ல அகலம் சுமார் 190 கிலோஹெர்ட்ஸ். உங்க லேசரே அத விட அகலமா இருந்தா நீங்க அளக்கறது லேசரத்தான். அப்ப ரிங் டவுன் போங்க, ஒளிய சட்டுனு நிறுத்திட்டு உள்ள இருக்கிறது எவ்வளவு நேரத்துல வடியுதுன்னு பாக்கறது. ரெசொனன்ஸ் ரெண்டா பிளந்து தெரிஞ்சா ஒளி எங்கயோ பின்னாடி சிதறி எதிர்த்திசைலயும் ஓடுதுன்னு அர்த்தம், பெரும்பாலும் தூசி, முதல்ல துடைச்சுட்டு பாருங்க.

இன்னொண்ணு, ஒளிய தட்டுக்குள்ள ஏத்தற பிரிசத்த எவ்வளவு கிட்ட வச்சு அளந்தீங்க? ஒளி முழுசா உள்ள போற அளவுக்கு கிட்ட கொண்டு போனா அங்க தெரியற க்யூ உண்மையானதுல பாதிதான். தள்ளி வச்சு, சிக்னல் லேசா மட்டும் குழி விழறப்ப அளந்தாதான் அது கிரிஸ்டலோட சொந்த க்யூ. இத சொல்லாம ஒருத்தர் நம்பர இன்னொருத்தர் நம்பரோட ஒப்பிடறவங்கள பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

பிரிசம் விளிம்புல இடிச்சிருச்சு. போச்சா? – அதே பிஎச்டி மாணவர்

சாஃப்ட் கிரிஸ்டல்னா பெரும்பாலும் தழும்பு இருக்கும். டார்க் ஃபீல்டுல பாருங்க, மோடு ஓடற நடுக்கோட்டுல இல்லாம தள்ளி இருந்தா விட்டுடலாம். நடுவுல இருந்தா 1 மைக்ரான்லேர்ந்து திரும்ப. இனிமே பீசோ ஸ்டேஜ், அதாவது வோல்டேஜ் குடுத்தா துளியூண்டு நகர்ற மேடை, அதோட வோல்டேஜ சுழியத்துல வச்சுட்டு கையால கிட்ட வராதீங்க, நடு வோல்டேஜ்ல வச்சுட்டு வாங்க, அப்பதான் அவசரத்துக்கு பின்னாடி இழுக்க இடம் இருக்கும்.

அல்ட்ராசோனிக் பாத்துல போட்டு கழுவலாமா? – இன்னொரு வாசகர்

சாஃப்ட் கிரிஸ்டல போடாதீங்க. குமிழி வெடிக்கறதுல விளிம்பு சிப் ஆகும், புதைஞ்ச விரிசல் இருந்தா வாய் திறந்துடும். லென்ஸ் டிஷ்யூவ ஒரு தடவை மடிச்சு, அசிட்டோன் ரெண்டு சொட்டு, தட்டு மெதுவா சுத்தறப்ப விளிம்புல ஒரே ஒரு தடவை தொட்டு எடுத்து அந்த டிஷ்யூவ தூக்கிப் போட்டுடுங்க, அதே இடத்த வச்சு ரெண்டாவது தடவை தொடாதீங்க. பேரியம் ஃப்ளோரைடு தேய்ச்ச நாள்னா அந்த டிஷ்யூ, துணி, கழுவுன தண்ணி எல்லாம் தனியா, கெமிக்கல் கழிவு டப்பாவுல, அது விஷம், கிளவுஸ் இல்லாம தொடவே வேணாம், உலர்ந்த தூளா பறக்கவும் விடாதீங்க.